துன்பியலில் ஒருவரும் சாகவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஏவன்டேல் ரயிலில் கிடைத்தது. மடியில் தமிழில் வந்த ஒரு கிரேக்க நாடகம். துன்பியல் என்றால் கடைசியில் எல்லோரும் செத்துக் கிடப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதில் அந்நிய மண்ணில் ஒரு பெண் பூசாரி. கரையொதுங்கும் வேற்றாட்களைப் பலிகொடுப்பது அவள் வேலை. பிடித்து வரப்பட்டவன் அவளுடைய தம்பி. இருவருக்கும் அது தெரியாது. ஊருக்கு அனுப்பவிருந்த கடிதத்தை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். அதில் தன் பெயர் ஒலிப்பதைக் கேட்டு அவன் அக்காவை அடையாளம் காண்கிறான். ஒருவரும் சாகவில்லை. இதற்கும் துன்பியல் என்றே பெயர்! நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

2

1996, நாங்கள் அகதிகளாய் வந்து சேர்ந்த ஒடாஹுஹு. மழை தூறிக்கொண்டு… (வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை.)

இராசமலர் அக்காவின் தம்பி வசீகரன் ஐந்து வருடங்களுக்கு முன், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு பாங்கொக் வரை வந்தான். பிறகு தகவல் இல்லை. உடல் கிடைக்காதவனுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்தால், செய்கிறவர்களே அவனைச் செத்தவனாக்கிவிடுகிறார்கள். அதனால் அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கணவர் மகேசன் விடவில்லை; வரும் ஞாயிறு என்று நாள் குறித்தாகிவிட்டது. இப்போது அவர் தொலைபேசியில் சமையலுக்கு ஆள் பிடிக்கிறார்.

"முப்பது பேருக்குச் சைவச் சாப்பாடு, தம்பி."

"ஆருக்கண்ணை அந்தியேட்டி?"

"மனிசியின்ரை தம்பிக்கு. ஏழாலை வசீகரன்."

மறுமுனையில் ஏதோ சட்டி விழுந்து உருண்டது.

"என்ன தம்பி, முப்பது கூடிப்போச்சோ?"

3

மறுமுனையில் இருக்கும் சமையல்காரர் செல்வராஜை நான் இன்னும் நம்பவில்லை. [அது அவர் வந்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பெயர். எங்களில் பலர் அப்படித்தான் வந்தோம்.] அவரே வசீகரனாக இருக்கலாம்: அக்கா ஷெல்லடியில் செத்துப்போய்விட்டாள் என்று யாரோ சொன்னதை நம்பி, தேடாமலே விட்டவர். அல்லது பாங்கொக்கில் வசீகரனோடு ஒரே அறையில் கிடந்து, அவன் செத்ததைக் கண்டவர். இரண்டாவதை எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். முதலாவதை எழுத இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே அந்தக் கிரேக்க நாடகக்காரருக்குத் துணிவு இருந்திருக்கிறது. அத்தனை போரையும் பார்த்த பிறகு அவரால் எப்படி…

4

"ஆள் அழுறான் போலக் கிடக்கு." மகேசன் ரிசீவரை நீட்டுகிறார்.

அழுகையில் யாருடைய குரல் என்று தெரியாது. அக்கா அவருடைய பெயரைக் கேட்கவில்லை.

"ஏழாலையிலை நிண்ட எங்கடை கறுப்பாட்டுக்கு என்ரை தம்பி வைச்ச பேர் என்ன? சொல்லும்."

அந்தப் பெயரை இங்கே எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன்.

ரிசீவர் இப்போது உங்கள் கையில். ஒரு பெயர் சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் ஆட்டுக்கு அதுதான் பெயர்.