கண்டக்டரம்மா இறங்கிய இடம்

"எல்லாரும் குனிங்க!" என்று முன்னாலிருந்து குழுவை நடத்திவந்த பி.டி. மாஸ்டர் கத்தியதும் மருமகள் சட்டென்று குனிந்துவிட்டாள். அத்தை குனியவில்லை. முதல் குன்றின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தது. அத்தையின் தொப்பியைப் பிடுங்கி, பள்ளத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

"ஐயோ, புதுத் தொப்பி அத்தை!"

"போகட்டும் விடு. டிக்கெட் இல்லாமப் பயணம் பண்ணுது" என்று அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அத்தை பஸ் கண்டக்டராக இருந்தவள். இந்த மலைகளின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தடத்தில்தான் அவளுடைய பாதி ஆயுள் ஓடியிருந்தது. விடுமுறை நாட்களில் முதுகுப்பையும் கைத்தடியுமாக வருகிறவர்களை அடிவார ஸ்டாப்பில் இறக்கிவிடுவாள். சாயங்காலம் அதே ஆட்கள் சேறும் சிரிப்புமாகத் திரும்ப ஏறுவார்கள். மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. "போய்ப் பாத்தாத்தாங்க தெரியும்" என்பார்கள். "பயணி இறங்கலாம். கண்டக்டர் இறங்கிட்டா வண்டி என்னாகிறது?" என்று வீட்டில் வந்து சொல்வாள். ஓய்வு பெற்ற மறு வாரமே மலையேற்றக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டாள். துணைக்கு மருமகளின் பெயரையும், அவளைக் கேட்காமலே.

மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலையோடு கடுகளவு திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருப்பவள். "அஞ்சு உச்சி, ஒரே நாள்ல. மாடிப்படி ஏறினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்று புருஷன் இரண்டு நாளாக முணுமுணுத்தான். காலையில் வாசல்வரை வந்து, "உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றான்.

இரண்டாவது உச்சியில் ஆலங்கட்டி மழை. பன்னிரண்டு பேரும் ஒரு பாறை இடுக்கில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள இடம் இருக்கு" என்று அத்தை குரல் கொடுக்க, பாறையே அதிரும்படி சிரித்தார்கள். மூன்றாவது உச்சியில் சுள்ளென்று வெயில். ஈரத் துணியெல்லாம் உடம்பிலேயே ஆவி விட்டது. மருமகளுக்குக் கால் வலித்தது, உதடு வெடித்திருந்தது. ஆனாலும் அடுத்தது எப்போது வரும் என்றிருந்தது அவளுக்கு. பள்ளிக்கூடம் விட்ட பிறகு இப்படி ஓடியதாகவே ஞாபகமில்லை.

நாலாவதில் இறங்கும்போது மூடுபனி வந்தது. வந்தது என்பதற்குள் மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. மாஸ்டர் எல்லாரையும் நிற்கச் சொல்லிப் பெயர் கூப்பிட்டார். குழுவில் வந்திருந்த பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் பதில் சொல்லவில்லை. பிறகு எங்கோ இடதுபக்கமிருந்து, "இங்க இருக்கோம்... பாதை தெரியல!" என்று அந்தப் பெண்ணின் குரல் மெலிதாகக் கேட்டது.

"இடதுபக்கமா?" என்றார் மாஸ்டர். அவர் குரல் மாறிவிட்டது. "அந்தப் பக்கம் சரிவே கிடையாது. நேரா பள்ளம்."

அத்தை கழுத்துக்குள் கைவிட்டு விசிலை எடுத்தாள். ஓய்வு பெற்றும் கழற்றாமல் வைத்திருந்த விசில். ஒரே ஒரு ஊது. காதைத் துளைத்தது.

"நில்லுங்க! வண்டி நின்னுடுச்சு. ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது!" அவள் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. "இப்ப விசில் எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்புங்க. கையப் புடிச்சிக்கோங்க. தடவித் தடவி வாங்க. அவசரமே இல்ல, நீங்க வராம வண்டி கிளம்பாது!"

ஊதினாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி ஊதினாள். மருமகள் அவள் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் பனிக்குள் இரண்டு நிழல்கள் கெட்டியாகி ஆட்களாயின. பேக்கரிக்காரர் அத்தையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் பனி விலகியது. அவர்கள் இருவரும் வழி தெரியாமல் நின்ற இடத்துக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்தான் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், கைதட்டினார்கள். யாரோ, "கண்டக்டரம்மாவுக்கு ஜே!" என்றார்கள்.

கணவாயில் மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். "மேகம் திரும்பி வருது. அஞ்சாவது ஏறணும்னா இப்பவே ஏறணும். முடியாதவங்களுக்கு இங்கேருந்தே இறங்குற பாதை இருக்கு. நான் யாரையும் தப்பா நினைக்க மாட்டேன்."

அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள்ல என்ன அத்தை?"

"இவ்வளவு நேரம் ஊதினேன் இல்ல, மூச்சுப் புடிச்சிருக்கு."

"இறங்கிடலாமா?"

அத்தை நிமிர்ந்து அவளையே பார்த்தாள். "உனக்கு இறங்கணுமா?"

மருமகள் மேலே பார்த்தாள். ஐந்தாவது உச்சியின் மேல் ஒரு துண்டு வெயில் நடந்துபோய்க்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்புறம் என்ன? கையக் குடு."

கடைசி ஏற்றம் செங்குத்து. அத்தை நின்று நின்று ஏறினாள். பின்னாலிருந்து பேக்கரிக்காரர் மனைவி தாங்கினாள். உச்சியில் கால்வைத்த நேரம் மேகம் இரண்டாகப் பிளந்தது. கீழே மலையைச் சுற்றிய தார்ச்சாலை. அதில் ஒரு பாசிமணியளவு சிவப்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"அது நம்ம வண்டிடீ!" என்று அத்தை கூவினாள். "நம்ம வண்டிதான்! இங்கேருந்து பாத்தா இப்படியா இருக்கு!" இரண்டு கைகளையும் தூக்கி, "ரைட்! போலாம் ரைட்!" என்று கத்தினாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். மருமகள் குதித்தாள். அத்தை கொஞ்சம் உட்காருகிறேன் என்று ஒரு பாறையில் சாய்ந்துகொள்ள, மருமகள் மறுபக்க விளிம்புக்கு ஓடினாள்.

"அத்தை, இங்க வாங்களேன்! மழை நமக்குக் கீழ பெய்யுது!"

பதில் இல்லை. திரும்பினாள். அத்தை சாலையைப் பார்த்தபடி இருந்தாள். வாய் ஏதோ சொல்லவந்தது போலத் திறந்திருந்தது. மருமகள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு ஓடினாள்.

மாஸ்டர் நெஞ்சை அழுத்தினார். அவர் களைத்ததும் பேக்கரிக்காரர் அழுத்தினார். மீட்புக்காரர்கள் தூக்குப்படுக்கையோடு ஏறி வந்தபோதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இறங்கும் வழி முழுக்க வெயில் பிரமாதமாக அடித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் புருஷன் வேலை உடுப்போடு வந்தான். உள்ளே போய்விட்டு வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அஞ்சும் ஏறிட்டாங்களா?" என்றான்.

"ஏறிட்டாங்க."

"சொல்லு."

தொப்பி போனதைச் சொன்னாள். ஆலங்கட்டியைச் சொன்னாள். பனியில் விசில் ஊதியதைச் சொல்லும்போது அவள் கைகள் தாமாக எழுந்தன, குரல் உயர்ந்தது. கடந்துபோன நர்ஸ் நின்று பார்த்தாள். மருமகள் கூசிப்போய்ச் சட்டென்று நிறுத்தினாள்.

"நிறுத்தாதே. பனி விலகிடுச்சு. அப்புறம்?"

"அப்புறம் கணவாய் வந்துச்சு." நிறுத்தினாள். வெடித்த உதட்டை நாக்கால் தொட்டாள். "அப்புறம்... மேல ஏறினோம்."

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தையின் சட்டையும் கால்சட்டையும். கால்சட்டை விளிம்பெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. அவன் அதை மடியில் விரித்துப்போட்டு, விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருமகள் கால்சட்டையின் இன்னொரு காலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.