முப்பத்திரண்டு வாளித் தண்ணீர்

குளிர் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. சமையலறை ஜன்னலோரம் காபியை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தார் பிளான் மாஸ்டர். வெளியே அவர் மனைவி, நிறைந்த வாளியோடு தோட்டத்தின் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“தக்காளி நாத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, மூடாக்கா போட்ட வைக்கோல் காஞ்சு கெடக்கு!”

“ஊத்தறேங்க” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர் என்பதால் தெருவே அவரைப் பிளான் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. “இந்த வருஷம் கடையிலேர்ந்து ஒரு கீரைக்கட்டுகூட வீட்டுக்குள்ள வரக் கூடாது” என்று அவர் முடிவு செய்தபோது, முதல் வேலையாக வரைந்ததும் ஒரு வரைபடம்தான். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலோரம் பூச்செடிகள். காய்கறிப் பாத்திகள் கடைசி மூலையில். குழாயோ சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது. தாளில் அந்தத் தூரம் நாலு விரல்கடைதான். மண்ணில் நடந்தால் நாற்பத்தைந்து அடி.

அந்த நாற்பத்தைந்து அடியை நடந்தவள் மனைவி. துணிக்கடை ஒன்றில் தையல் வேலை அவளுக்கு. ஒன்பது மணிக்குக் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, மக்கு உரக் குழியைக் கிளறிவிடுவாள். சாயங்காலம் வந்து இலைகளில் ஊரும் நத்தைகளைப் பொறுக்குவாள். மாஸ்டர் குடியிருப்பின் தோட்டக்குழுவில் போய், “உழைப்பே வேண்டாத தோட்டம்ங்க! மண்ணைத் தொந்தரவு பண்ணாம விட்டா இயற்கையே பாத்துக்கும்” என்று பேசுவார். நோகாமல் நோன்பு கும்பிட வழி சொன்னால் யாருக்குக் கசக்கும்? கைதட்டல் பலமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் அவள் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாஸ்டரே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

“நரம்பு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்திருக்கும், நீங்க கேக்கல” என்றார் அந்த டாக்டரம்மா. “ஆறு வாரம் வாளி, மண்வெட்டி எதையும் தொடக் கூடாது. தொட்டீங்க, தையல் வேலையை மறந்துட வேண்டியதுதான்.”

“அப்ப நாத்துக்கு யார் டாக்டர் தண்ணி ஊத்தறது?”

கேட்டது மாஸ்டர். வாய் தவறி வந்ததல்ல. மனதில் முதலில் வந்ததே அதுதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?”

மனைவி தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மாஸ்டர் வாளியைத் தூக்கினார். ஏழாவது நடையில் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தினம் எத்தனை வாளிம்மா?”

“முப்பத்திரண்டு. வெயில் ஏறினா நாப்பது.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. பாத்தியைக் கொழா பக்கம் மாத்தினா என்னங்கன்னு போன மாசம் கேட்டேன். வரைபடம் கெட்டுப்போகும்னீங்க.”

அவருக்கு ஞாபகம் வந்தது. அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். எழுந்து போய் மீதி வாளிகளைத் தூக்கினார்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவருக்குச் சுலபமாக இல்லை. முட்டைக்கோஸ் நாற்றில் பாதியை நத்தைக்குப் பறிகொடுத்தார். களை என்று நினைத்துக் கேரட் நாற்றைப் பிடுங்கினார். “அது களை இல்லீங்க, நம்ம சாப்பாடு!” என்று அவள் கத்தியபோது, பல நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். அந்த ஞாயிறே, அவள் நின்று இடம் காட்ட, சமையலறைச் சுவரோரம் அவர் புதிய மேட்டுப்பாத்திகள் போட்டார். தினமும் கை படவேண்டியது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பது எந்தத் தோட்டப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கிற விஷயம். அவரும் படித்ததுதான். வேலை செய்கிறவள் கையை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தாவது வாரம் தோட்டக்குழு பார்க்க வந்தது. இருபது பேர். தலைவியான மருந்துக்கடை அம்மா சிரித்த முகமாகக் கேட்டார்: “உழைப்பே வேண்டாத தோட்டம்னீங்களே மாஸ்டர், அந்த ரகசியத்தைக் கொஞ்சம் எங்களுக்கும் சொல்லுங்க.”

மாஸ்டர் காய்த்துப்போன தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டார்.

“ரகசியம் ஒண்ணும் இல்லீங்க. உழைப்பு இருந்துச்சு. அது என்னோடது இல்ல, அவ்வளவுதான்.”

அவரே தொடர்ந்தார்.

“யார் கையையும் எதிர்பாக்காம வாழறோம்னு ஊரெல்லாம் சொன்னேன். இவ கையை மட்டுமே எதிர்பாத்து வாழ்ந்திருக்கேன். அந்தக் கை போயிடும்னு டாக்டர் சொன்னப்பகூட நான் செடியைப் பத்திதான் கேட்டேன். வீட்ல ஒருத்தர் ஒடிஞ்சுபோய் இன்னொருத்தர் பேர் வாங்கினா, அதுக்குத் தற்சார்புன்னு பேர் வைக்காதீங்க. எல்லாரும் சாப்பிடற வீட்ல எல்லாரும் வாளி தூக்கணும்.”

யாரும் கைதட்டவில்லை. மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

“பேச்சு நல்லாத்தான் இருக்கு. என் கை சரியானப்புறமும் பாதி வாளி இவருதுதான். இருபது பேர் கேட்டுட்டீங்க, நீங்கதான் சாட்சி!”

சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு விதை, உரம், நத்தை என்று வந்த கேள்விகளெல்லாம் அவளிடமே போயின. அவளும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

வெளியே போகும்போது, கூட்டத்தில் ஒருவர் தன் மனைவியின் காதோரம் மெல்லக் கேட்டார்: “ஆமா, நம்ம வீட்ல செடிக்கெல்லாம் யார் தண்ணி ஊத்தறது?”

அந்த அம்மாள் நடையை நிறுத்தவில்லை.

“தெரியலையா? அப்ப நீங்க இல்லைன்னு அர்த்தம்.”