எண்ணெய்க்குள் கேட்ட சத்தம்

மறுபடியும் அதே குரல்தான். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. சின்னவள் வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் அழுத்தினாள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று அக்கா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். இருந்தாலும் விரல் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இந்நேரம் அக்காவும் தோழிகளும் கூடாரம் அடித்து முடித்திருப்பார்கள். அடுத்து நெருப்பு மூட்ட வேண்டும். அக்கா ஒரு கட்டையை நிமிர்த்தி வைப்பாள், அதன் தலையில் கத்தியைப் பதிப்பாள், கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி அடிப்பாள். முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டுதான் அடிப்பாள். எதையும் அப்படித்தான் செய்வாள்.

அந்தக் கத்தியைச் செய்தது சின்னவள்.

"கயிறு அறுக்கணும், மீன் சுத்தம் பண்ணணும், விறகு பொளக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கத்தி தூக்கிட்டு அலைய முடியாது. ஒரே கத்தி, எல்லாத்துக்கும்" என்று அக்கா கேட்டிருந்தாள்.

"அப்படியே சமைச்சும் போடணுமா?"

"முடிஞ்சா துணியும் தொவைக்கட்டும்."

சின்னவள் அட்டையில் மாதிரி வெட்டி வெட்டி அக்காவின் கையில் கொடுத்துப் பார்த்தாள். முனை நீளமாக இருந்தால் மீனுக்குச் சுகம், விறகுக்கு ஆகாது. அலகு தடித்தால் விறகுக்குச் சரி, கயிற்றில் இறங்காது. கடைசியில் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வடிவம் பிடிபட்டது. அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில், ஆள்காட்டி விரல் நழுவாமலிருக்க, சதுரமாக ஒரு வெட்டு வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் சாணை பிடிக்கும் பட்டறை வைத்திருக்கும் அப்பா, போகிற போக்கில் அட்டையைப் பார்த்தார். "அந்த மூலைய மட்டும் கொஞ்சம் வளைச்சு விடும்மா. கூரான மூலையிலதான் இரும்பு விரிசல் விடும்." சரிப்பா என்றாள். வளைக்கவில்லை. சதுரமாக இருந்தபோதுதான் அது கடையில் வாங்கியதுபோல எடுப்பாக இருந்தது.

ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு அலகுகள் செய்தாள். அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் இரண்டையும் சிவக்கக் காய்ச்சி, இரும்பு இறுகுவதற்காக ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய்த் தகரத்தில் முக்கினாள். இரண்டும் உள்ளே இருக்கும்போது கேட்டது. டிக். நகம் வெட்டுகிற அளவுக்குத்தான் சத்தம். அந்தச் சத்தம் வந்தால் அப்பா அலகைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், நேராகக் கழிவுப் பெட்டிதான். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். துடைத்து, விளக்கடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கீறல் எதுவும் தெரியவில்லை. அக்கா கிளம்பும் நாள் நெருங்கிவிட்டிருந்தது. புதிதாக ஆரம்பித்தால் முடியாது. யாரிடமும் சொல்லாமல், இரண்டில் வளையாமல் நேராக இருந்ததை எடுத்துக் கைப்பிடி பூட்டினாள்.

அக்கா அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங்க பொடிசு செஞ்சது, எவளும் தொடக்கூடாது" என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டாள். அதிலிருந்துதான் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள். அப்பா ஒரு கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் கத்தி... எண்ணெயில விடும்போது டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு."

அப்பா மோட்டாரை நிறுத்தினார். சக்கரம் ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"எதுல வந்துச்சு?"

"தெரியலப்பா. ரெண்டும் உள்ள இருந்துச்சு."

"இன்னொண்ணு எங்க?"

துணி அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அப்பா அதை மேசையிலிருந்த வைஸின் இரும்புத் தாடைக்குள் வைத்து இறுக்கினார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, "தள்ளி நில்லு" என்று மரச்சுத்தியால் அலகின் முதுகில் அடித்தார். கணீரென்றது. மறுபடி அடித்தார். அதே கணீர். அடுத்த அடியில் சத்தம் மந்தமாக வந்தது. அலகு சுவரில் பட்டுத் தரையில் விழுந்து சுழன்றது. சதுர மூலையில்தான் உடைந்திருந்தது.

அப்பா வைஸில் எஞ்சிய துண்டைக் கழற்றி, உடைந்த பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். உள்ளே இரும்பு சர்க்கரைபோல மினுமினுத்தது. மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு கறை.

"விரிசலுக்குள்ள எண்ணெய் ஏறியிருக்கு. அன்னைக்கே விட்டிருக்கு இது."

சின்னவள் தரையில் கிடந்த துண்டைப் பொறுக்கி எடுத்தாள். "அப்ப சத்தம் போட்டது இதுதான். அக்காகிட்ட இருக்கறது நல்லதுதானேப்பா?"

அப்பா அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "அதுலயும் இதே மூலைதானே வச்ச?"

அவள் தலையாட்டினாள். திட்டுவார் என்று நின்றாள். அவர் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார், டார்ச்சை எடுத்தார். "ஸ்வெட்டர் எடுத்துக்கோ. வண்டி போற வரைக்கும் போவோம், அப்புறம் நடப்போம்." அவர் திட்டாததுதான் அவளை அழவைத்தது.

வாசலில் நின்று திரும்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு சத்தந்தானே கேட்டுச்சு?"

கண்ணை மூடிக்கொண்டாள். புகை, எண்ணெயின் கொதிப்பு, பிறகு அந்த டிக். பதறிப்போய் இடுக்கியை நழுவவிட்டாள். அது தகரத்தின் விளிம்பில் பட்டது, இன்னொரு டிக். பட்டதென்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வண்டி உறுமியது. உடைந்த துண்டு அவள் உள்ளங்கையில் சில்லென்றிருந்தது. இரண்டாவதாகக் கேட்ட அந்தச் சத்தம், இடுக்கியுடையதுதானா?