நான்காம் பாடத்துக் குடும்பம்

அந்தப் புத்தகம் கைக்கு வந்தபோது சோல்வைக்கு அது பெரிய வேலையாகவே தோன்றவில்லை. இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் எழுதிய பாடப்புத்தகம். சமுதாயம் என்றால் என்ன, அதற்குள் எத்தனை விதக் கூட்டங்கள், யார் மேலே, யார் கீழே, ஏன் அப்படி என்றெல்லாம் விளக்குவது. முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கிற வேலைக்குப் படிப்பவர்களுக்காக அதை டேனிஷ் மொழியில் கொண்டுவர டென்மார்க்கில் ஒரு பதிப்பகம் முடிவு செய்திருந்தது. சோல்வையோ வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்திலிருந்து டேனிஷுக்கு மொழிபெயர்த்தே சாப்பிட்டவள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சொல்லுக்குச் சொல் முட்டுகிறது என்று. 'கம்யூனிட்டி' என்று ஆங்கிலக்காரர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு தெருவில் வசிப்பவர்களும் அதுதான், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்களும் அதுதான், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதுதான். டேனிஷில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொல் தேட வேண்டியிருந்தது. 'ஏழைகள்', 'அடித்தட்டு' போன்றவை வேறு விதமான தொல்லை. டேனிஷில் அவற்றுக்குச் சொல் இல்லாமல் இல்லை. அவற்றைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது. அமைச்சரைக்கூடப் பெயர் சொல்லி, நீ என்று பேசுகிற நாடு அது. எல்லாரும் சமம் என்று ஆன பிறகு யாரை ஏழை என்பது? அலுவலகங்களில் அதற்காகவே வழவழப்பான ஒரு சொல் புழங்கியது: 'வளம் குன்றியவர்கள்'.

பதிப்பாசிரியர் ஸ்டீன் தொலைபேசியில் அதையே போடச் சொன்னார். "ஏழைன்னு போட்டா நம்ம ஊர்ல யாரு ஏழைன்னு சண்டைக்கு வருவாங்க, சோல்வை. வளம் குன்றியன்னு போடு, யாருக்கும் வலிக்காது." பிறகு, நான்காம் பாடத்தில் உதாரணமாக வருகிற அந்த ஆங்கிலக் குடும்பத்தையும் எடுத்துவிடச் சொன்னார். இங்கிலாந்தின் மாடிக் குடியிருப்பு நம் மாணவர்களுக்குப் புரியாது, நம்மூர்க் குடும்பம் ஒன்றை எழுதி வை, முதல் பக்கத்தில் 'டேனிஷ் நிலைமைக்கு ஏற்ப மாற்றியது' என்று உன் பெயரோடு போட்டுக்கொள்ளலாம் என்றார். இப்படி மாற்றிப் போடுவது அங்கே வழக்கம்தான். சோல்வையே பலமுறை செய்திருக்கிறாள்.

மற்ற பாடங்களோடு மல்லுக்கட்டியவளுக்கு இந்தக் குடும்பம் மட்டும் ஒரே மூச்சில் வந்தது. மேற்குக் கடற்கரை. மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய். மூன்று பிள்ளைகள், இரண்டு தகப்பன்கள், இரண்டு பேரும் வீட்டில் இல்லை. சாப்பிடும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. பள்ளிக்கு, மற்றப் பிள்ளைகள் கொண்டுபோகும் சத்தான கறுப்பு ரொட்டிக்குப் பதிலாக, சர்க்கரை தூவிய வெள்ளை ரொட்டி. வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அந்தத் தாய் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதி முடித்து வாசித்தபோது, என்ன உயிரோட்டம் என்று சோல்வை தன்னையே மெச்சிக்கொண்டாள். ஸ்டீனும் மெச்சினார்.

அது அவள் தங்கை ஹென்னியின் வீடு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலத்தது. எழுதும்போது சோல்வைக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஹென்னி அந்தக் கடற்கரை ஊரான தியூபொரோனில் மீன் ஆலையில் கத்தி பிடித்துக்கொண்டிருந்தவள். பாடப்புத்தகம் அவள் கண்ணில் எங்கே படப் போகிறது?

புத்தகம் வந்த அடுத்த வருஷம் ஆலையை மூடினார்கள். பிள்ளைகளெல்லாம் ஆளாகிவிட்ட வயதில் ஹென்னி பராமரிப்புப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்ட் மாத மாலை ஒன்றில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏ கோபன்ஹேகன்காரி, உன் பேரு எங்க புஸ்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கு. நான் வகுப்பு முழுக்கக் காட்டிட்டேன், தெரியுமா? டீச்சர்கிட்டயும் சொன்னேன், இது எங்க அக்காதான்னு."

எந்தப் புத்தகம் என்று சோல்வை கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள். ஹென்னி புத்தகத்தின் பெயரைச் சொன்னதும், இப்போது எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்டாள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் பேச்சு. இதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் பேசிக்கொண்ட அக்காவும் தங்கையும்தான். இப்போது ஹென்னிக்கு ஒவ்வொரு பாடத்திலும் சந்தேகம். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், மனுஷன் பேசுகிற மாதிரி எழுதக் கூடாதா, அதை எழுதும்போது நீ குடித்திருந்தாயா என்று கேலி பேசுவாள். சோல்வை பொறுமையாக விளக்குவாள். பள்ளி நாட்களுக்குப் பிறகு இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை. போனை வைத்ததும் சோல்வை எண்ணத் தொடங்குவாள். இப்போது இரண்டாம் பாடம். இப்போது மூன்று.

இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். என்னவென்று சொல்வது? உன்னை உதாரணமாக வைத்தேன் என்றா? எதற்கு உதாரணம் என்று கேட்டால்? ஒருமுறை தொடங்கவும் செய்தாள். அந்த நான்காம் பாடத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், கதையை முன்னாடியே சொல்லிக் கெடுக்காதே என்று ஹென்னி தடுத்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது சோல்வைக்கு. அந்த அப்பாடாவை நினைத்து அன்று முழுக்க அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பொறுக்க முடியாமல் சோல்வையே கூப்பிட்டாள். காற்று, மழை, ஹென்னியின் மூத்த மகன் பியார்கே வாங்கியிருந்த பழைய கார் என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் கேட்டாள்.

"நாலாவது பாடம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சந்தேகம் ஒண்ணும் வரலையா?"

"இல்ல. அது சுலபமா இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே."

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சோல்வை பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பாள். ஹென்னி, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பின் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஐந்தாம் பாடத்தையும் ஆறாம் பாடத்தையும் அவளே படித்துக்கொண்டாள்.

அன்று சோல்வை புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு வரியும் அவளைப் பார்த்தது. பெற்றோர் கூட்டம் நடந்த மாலைகளில் ஹென்னிக்கு ஆலையில் மாலை ஷிஃப்ட். அது சோல்வைக்குத் தெரியும். எழுதினால் உதாரணம் கெட்டுவிடும் என்றுதான் விட்டிருந்தாள். வீட்டில் புத்தகம் இல்லை என்பதும் பொய். துறைமுக நூலகத்திலிருந்து ஹென்னி பை பையாகக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு வாசித்ததை சோல்வை நேரில் பார்த்திருக்கிறாள். சர்க்கரை ரொட்டிதான் எல்லாவற்றையும்விட மோசம். அது ஹென்னியின் பிள்ளைகள் தின்றதே அல்ல. அப்பா கடலுக்குப் போய்ப் படகு வெறும் வலையோடு திரும்பிய குளிர்காலத்தில் அதைத் தின்றவள் சோல்வை. வகுப்பில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி திறந்து, மறைத்து மறைத்துத் தின்றவள். அதை எடுத்துத் தங்கை வீட்டு மேசையில் வைத்துவிட்டிருந்தாள்.

பார்க்க ஆளே இல்லாத அறையில் அவள் முகம் சூடேறியது.

ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு. மேசையில் கவிழ்த்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அதில் வருகிற பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியரோடு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். மாணவர்களின் வீட்டார், அந்த நாட்டு வழக்கப்படி, கதவுக்கு வெளியே கொடியும் பூவுமாகக் காத்திருப்பார்கள். பியார்கே தொலைபேசியில் அழைத்து, அம்மா கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன், நீ வந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. சோல்வை கோபன்ஹேகனில் ரயில் ஏறினாள்.

பள்ளி நடைபாதையில் பியார்கே அவள் கையிலும் ஒரு காகிதக் கொடியைத் திணித்தான். எந்தப் பாடம் வந்தாலும் அம்மா சமாளிப்பாள், ராத்திரியெல்லாம் சமையலறையில் சத்தம் போட்டுப் படித்தாள், நாலாவதை மட்டும் படிக்கவே இல்லை, அது தெரியுமாம் என்று சிரித்தான். மூடிய கதவைப் பார்த்தபடி சோல்வை வேண்டிக்கொண்டாள். தேவாலயத்துப் பக்கமே போகாதவள், நாலு மட்டும் வேண்டாம், நாலு மட்டும் வேண்டாம் என்று.

கதவு திறந்தது. ஹென்னி சிவந்த முகத்தோடு வந்து, பத்து வாங்கிவிட்டேன் என்றாள். பன்னிரண்டுக்குப் பத்து. பியார்கே அவளைத் தூக்கிச் சுற்றினான். எந்தப் பாடம் என்று கேட்டான். நாலு என்றாள் அவள், அவன் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்து.

பியார்கே காரைக் கொண்டுவரப் போனதும் அக்காவும் தங்கையும் வாசலில் தனியாக நின்றார்கள்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் சோல்வை.

"வேறென்ன? அந்தப் பொம்பளைகிட்ட என்ன குறைன்னு கேட்டாங்க." ஹென்னி பூங்கொத்தின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே பேசினாள். "அவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட்டுன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், புஸ்தகத்துல இல்லாததைச் சொன்னா மார்க் குறைப்பாங்களோன்னு விட்டுட்டேன்."

"ஹென்னி..."

"பிள்ளைங்களைக் கவனிக்கத் தெம்பு இல்லாதவ, வளம் குன்றினவன்னு சொன்னேன். நீ எழுதின மாதிரியே வரி மாறாம. அந்தத் தேர்வாளர் தலையாட்டிக்கிட்டே இருந்தார். அருமையாப் புரிஞ்சு வச்சிருக்கீங்கன்னார். எனக்கு வேலை வேணும், சோல்வை. அதான் சொல்லிட்டேன்."

சோல்வைக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கு எழும்பியது, அதுவும் வெட்கமாக இருந்தது. வந்ததெல்லாம், "அடுத்த பதிப்புல அதை எடுத்துடறேன்" என்பதுதான்.

"எடுத்துட்டு?"

"வேற ஒரு குடும்பத்தை எழுதறேன்."

"யாரு வீட்டை?" என்று கேட்டாள் ஹென்னி.

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றாள். உதாரணம் இல்லாமல் பாடம் இல்லை, ஸ்டீன் விடமாட்டார். சோல்வையின் மனம் அந்த நொடியிலேயே பழக்கதோஷமாகத் தேடத் தொடங்கியிருந்தது: தியூபொரோனில் எதிர்வீட்டு குர்லி, அவளுடைய குடிகாரப் புருஷன், வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் குடியிருந்த அந்த விதவை. முகம் முகமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள். எல்லாரையும் ஹென்னிக்கும் தெரியும். கார் வந்து நிற்கும்வரை சோல்வை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.