உன் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடு

…அழவில்லை, அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம், அண்ணிகூட வாசலைத் தாண்டி வந்தபிறகு ஒரு நிமிஷம் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, பரவால்லடி, உனக்குக் கெட்டி மனசுதான் என்றாளே, அது மெச்சிச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று அறிவுமதிக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் நடந்தது இவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா முந்தானையை ஏந்திக்கொண்டு தன் வாசலில் நின்றாள், பிள்ளையை அதில் போட்டுவிட்டு, இது எம் புள்ள இல்ல, உம் புள்ள என்று மூன்று தரம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு முறம் தவிட்டோடு போய் அதே பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். முதல் பிள்ளை தங்காத வீட்டில் இரண்டாவது பிள்ளைக்குச் செய்கிற முறை. இது யாரோ பெற்றது, தவிட்டுக்கு வாங்கி வந்தது, இதைப் போய் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று, பிள்ளையைக் கொண்டுபோக வருவது வாசலோடு திரும்பிவிடுமாம். இதற்கென்றே பண்ருட்டியிலிருந்து புருஷன் அருள்முருகனின் அக்கா செல்லாயி அண்ணி பையில் தவிட்டைக் கட்டிக்கொண்டு நேற்றே வந்து இறங்கிவிட்டாள். சொல்லும்போது அழாத பொம்பளையே கிடையாது, அழுதா அழுதுக்க, வார்த்த மட்டும் தடுமாறக் கூடாது என்று எச்சரித்தும் வைத்தாள். அறிவுமதி அழவும் இல்லை, தடுமாறவும் இல்லை. கரண்ட் ஆபீஸ் ஜன்னலில் சர்வீஸ் நம்பரைச் சொல்வதுபோல மூன்று தரமும் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது அது? எங்கேயோ நாக்குக்கு அடியில் தயாராக வைத்திருந்த மாதிரி…

பிள்ளை இல்லாத நேரத்தில் பிள்ளைத் துணி துவைக்கலாமா கூடாதா, அதற்கும் ஏதாவது முறை இருக்கிறதா என்று அண்ணியைக் கேட்கலாமென்றால் அவள் சாப்பிட்ட கையோடு பாயை விரித்துப் படுத்துவிட்டாள், கரண்ட் வேறு போயாயிற்று, இனி சாயங்காலம்தான் வரும். அறிவுமதி பின்பக்கம் உட்கார்ந்து துணிகளை அலசினாள். கடலூரை ஒட்டின இந்தக் குடிகாட்டில் இந்த நேரத்துக்குக் காற்று திரும்பும், கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் வரும், கல்யாணமாகி வந்த புதிதில் குமட்டிக்கொண்டு வந்தது, இப்போது அது வராவிட்டால்தான் என்னவோபோல் இருக்கிறது. மூத்தவள் சுவேதா போனபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், காற்று என்றார்கள், தண்ணீர் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், டாக்டர் நிமோனியா என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. சிதம்பரத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது, தட்சிணாமூர்த்தி என்று தனக்குச் சாமி பேர் வைத்துவிட்டார்களே என்ற கோபத்தையெல்லாம் மகளுக்கு அறிவுமதி என்று வைத்துத் தீர்த்துக்கொண்ட மனிதர், வீட்டு வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டவிட்டதில்லை, சகுனம் பார்த்துத் திரும்பி வந்த அம்மாவின் தம்பியை ஊரே கேட்கத் திட்டியவர். தவிட்டு விஷயத்தை அவரிடம் போனில் சொன்னாள் இவள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டட்டும் என்றுகூட நினைத்தாள். அவர், செஞ்சிக்கம்மா, என்றார். வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். அப்பாவே அப்படிச் சொன்னபிறகு இந்த உலகத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆனால் பிள்ளைக்கு ஒரு குறை வைத்ததில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. வேளாவேளைக்குப் பால், எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை, கொசுவலை, எல்லாம் நடக்கிறது, ஒரு நல்ல ஆயா செய்வதுபோல நடக்கிறது. முகத்தைத்தான் பார்ப்பதில்லை. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்ப்பாள், காலண்டரைப் பார்ப்பாள். சுவேதாவுக்கு வயிற்றில் இருக்கும்போதே பேர் வைத்தாகிவிட்டது, பிறந்ததும் யார் மூக்கு யார் நெற்றி என்று வீடே பங்கு போட்டது, இதற்கு வெறும் பாப்பாதான். தவிட்டுக்கு வாங்கியபிறகு பிச்சாயி என்று கூப்பிடலாம் என்கிறாள் அண்ணி, பள்ளிக்கூடத்தில் வேறு பேர் வைத்துக்கொள்ளலாமாம், கூப்பிடுகிற பேர் மட்டும் கேவலமாக இருந்தால் போதுமாம். அருள் ஒருநாள், பாப்பா உன்னப் பாத்துச் சிரிக்குதுடி என்றான், கேஸ், மாமா, அது வாயுவால வர்றது என்று துணியை மடித்தாள். சிரிக்கிறதா? சிரித்தால் என்ன செய்வது? சிரிப்பைப் பார்த்துவிட்டால் அப்புறம் அது மறக்குமா? சுவேதாவுக்கு இடது பக்கம்தான் முதலில் சிரிப்பு வரும், பிறகு மெல்ல வலது பக்கம் போகும்… வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, துணியை அலசு.

அந்தப் பக்கம் போகாதே என்றால் மனசு அங்கேதான் போகும். கடலூரில் பார்த்த டாக்டர் சிதம்பரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார், ஆட்டோ, கார் என்று தேடிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், கூட்டம், யாரோ ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள், அருள் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆலப்பாக்கம் வரைக்கும் பிள்ளை முனகிக்கொண்டிருந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது மடியில் தலை கனத்தது. தூங்குகிற பிள்ளையின் கனம் வேறு, இது வேறு, பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிஷத்தில் கத்தியிருக்க வேண்டும், அருளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், இவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள். சொன்னால் பஸ்ஸை நிறுத்துவார்கள், நடுரோட்டில் இறக்கிவிடுவார்கள், இறங்கிவிட்டால் அது பிணம், பஸ்ஸில் இருக்கும்வரை அது இவள் மடியில் தூங்குகிற சுவேதா. பக்கத்தில் இருந்த அம்மாள், தூங்குதா கண்ணு, தூங்கட்டும், ஜுரம் வுட்டுரும் என்றாள். ஆமாங்க என்றாள் இவள். பி.முட்லூரில் அருள் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினான், கிட்ட வந்துட்டோம் என்று. இவள் தலையை ஆட்டினாள். அவனுக்கு அப்போதே தெரிந்ததா? தெரிந்துதான் படிக்கட்டை விட்டு உள்ளே வராமல் நின்றானா? இன்றுவரை அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், ஊரே பார்க்கச் செத்த பிள்ளையைத் தட்டித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டு, எம் புள்ள, எம் புள்ள என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு. அதற்கப்புறம் அந்த வார்த்தை வாயில் வந்ததே இல்லை, இன்று காலையில் வந்ததும் இல்ல என்று முடிக்கத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கிளம்பியது. புஷ்பவள்ளி அக்காவுக்கு மூன்றும் பெண்கள், மூன்றும் குத்துக்கல்லாட்டம் நிற்கின்றன, அதனால்தான் அவளைப் பிடித்தது, கடைக்குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதுவும் ஒரு வசதி. ஆனால் இது கடைக்குட்டியின் அழுகை இல்லை. முதலில் சிணுங்கல், பிறகு இழுத்து ஒரு மூச்சு, பிறகு விடாமல்… தன்னுடைய பிள்ளை எப்படி அழும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறதே, எப்போது கவனித்தாள்? மார்பு சட்டென்று கல்லாக இறுகி ரவிக்கை நனைந்தது. கை தானாகத் துணியைப் போட்டுவிட்டது, எழுந்தாள், உள்ளே படுத்திருந்த அண்ணி கண்ணைத் திறக்காமலே, எங்க போற, என்றாள். தூங்குகிறாள் என்று பார்த்தால் காவல் காக்கிறாள். இன்று பொழுது சாய்கிறவரை உன் பால் அது வாயில் படக் கூடாது, பட்டால் உன் பிள்ளை என்று தெரிந்துபோகும், எல்லாம் வீண், அவள் பால் குடித்தால்தான் அவள் பிள்ளை. அறிவுமதி சுவரோரம் நின்றாள். அழுகை ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில், கத்தரித்தாற்போல, நின்றது. நின்றுவிட்டது என்றால்? வாயில் வைத்துவிட்டாள் என்று அர்த்தம். குடிக்கிறது. யார் மார்பு என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறது. நல்லதுதானே, பசியாறட்டுமே, இதற்குத்தானே கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டே ரவிக்கையை அவிழ்த்து, கட்டின பாலைப் பின்பக்கச் சாக்கடையில் பீய்ச்சிவிட்டாள், பீய்ச்சும்போதுதான் அழுகை வந்தது, வலியால் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், வலியும் இருந்தது, ஆனால் புஷ்பவள்ளி அக்காவின் மேல் வந்த அந்த ஆத்திரம், பாவம், அவள் என்ன செய்தாள், அந்த ஆத்திரம் எதனால் வந்தது?

அருள்முருகன் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே அண்ணி அவனைப் பக்கத்து வீட்டுப் பக்கம் போகாதே என்று மடக்கிவிட்டாள், அப்பனும் பார்க்கக் கூடாதாம். அவன் குளித்தான், வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தான், எத்தனை சோப்பு போட்டாலும் கம்பெனி வாசம் போகாது, அது தெரிந்தும் பிள்ளையைத் தூக்குவதற்குமுன் இரண்டு தரம் தேய்ப்பான். இன்று யாரைத் தூக்கத் தேய்த்தான்? ஈரத் தலையோடு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அழலியாமே நீ, அக்கா சொல்லுச்சு, என்றான். ஆமா என்றாள். அவன் துண்டை முறுக்கிக்கொண்டே, "நான் அழுதுட்டேன்டி, கம்பெனி பாத்ரூம்ல. மேஸ்திரி வந்து கதவத் தட்டுற வரைக்கும்" என்றான். மாமா, அன்னைக்கு பஸ்ஸுல… என்று வாய்வரை வந்தது, அதற்குள் அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

விளக்கு வைத்தாயிற்று. அண்ணி முறத்தில் தவிட்டைக் கொட்டி மேலே ஒரு துண்டு மஞ்சளை வைத்து இவள் கையில் கொடுத்தாள், வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள், வழி என்ன வழி, இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடி, அவ்வளவுதான். என்னா வேணும்னு அவ கேப்பா, உன் புள்ளையத் தவிட்டுக்குக் குடுன்னு சொல்லணும், உன் புள்ள, தெரியுதா, வாய் தவறிடக் கூடாது. தெரியுது அண்ணி, காலையில் தவறினதா, இப்போது தவறப்போகிறது? சொல்லிவிட்டால் காலத்துக்கும் இது இன்னொருத்தி பிள்ளை, இருந்தாலும் இன்னொருத்தி பிள்ளை, போனாலும்… ஒருவேளை போனாலும், தவிட்டுக்கு வாங்கினதுதானே. இவ்வளவு நாளும் சுவரைப் பார்த்துப் பால் கொடுத்தது இதற்குத்தானே, ஊரே சேர்ந்து இப்போது அதையே முறையாக்கிக் கொடுத்திருக்கிறது, வாங்கிக்கொண்டு போ. புஷ்பவள்ளி அக்கா வாசலுக்கு வந்தாள். மூன்று பெண்களும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தன. பிள்ளை அவள் தோளில் வாய் பிளந்து தூங்கியது, கடைவாயில் பால் ஒழுகிக் காய்ந்திருந்தது, அந்தப் பால் இவளுடையது இல்லை.

"என்னாடி வேணும் உனக்கு?"

"எம் புள்ளைய குடுக்கா."

சொன்னது தான்தான் என்று அறிவுமதிக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. முறத்தைப் பிடித்திருந்த முழங்கையில் அண்ணியின் விரல்கள் இறுகின. அண்ணி திட்டவில்லை, ஐயோ என்று ஒரு முனகல்தான் வந்தது, திட்டியிருந்தால் தேவலை. கொடிக்கு அந்தப் பக்கம் நின்ற அருள் தலையைக் குனிந்துகொண்டான். புஷ்பவள்ளி அக்கா நல்லவள், எவ்வளவு நல்லவள், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "காதுல வுழல, சின்னக்குட்டி நச்சரிக்கிறா. என்னா கேட்ட?" என்றாள். சின்னக்குட்டி வாயே திறக்கவில்லை. அண்ணியின் விரல்கள் இன்னும் இறுகின. உன் புள்ளையத் தவிட்டுக்குக் குடுக்கா என்றாள் அறிவுமதி, வார்த்தை நடுவில் இரண்டு தரம் தடுமாறியது. இந்தா, எடுத்துக்க, என்று புஷ்பவள்ளி முறத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையை இவள் கையில் கொடுத்தாள்.

சரியாகத்தான் முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை, கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு என்று அண்ணி இவளைவிடத் தனக்கே சொல்லிக்கொண்டு முன்னால் போனாள். அருள் கையை நீட்டினான், இவள் கொடுக்கவில்லை. புஷ்பவள்ளி அக்காவுக்குக் காதில் விழவில்லை, சரி. அண்ணி கேட்டது அண்ணியோடு போகும். வாசலோடு திரும்பிப் போக வேண்டியது எங்கே நின்றுகொண்டிருந்தது, எதைக் கேட்டது, முதலில் சொன்னதையா, பிறகு சொன்னதையா, யாரைப் போய்க் கேட்பது? உடம்பெல்லாம் பயம், இத்தனை நாளும் எங்கே போயிருந்தது இந்தப் பயம்? அறிவுமதி துணிக்கொடிக்கு அடியில் நின்று குனிந்து முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள், சுவேதாவின் மூக்கு இல்லை, யாருடைய மூக்கும் இல்லை, அதன் மூக்கு. அதற்குக் கீழே விரலை வைத்தாள். மூச்சு வந்து விரலில் பட்டது. உள்ள வாடி, பனி எறங்குது, என்று கூப்பிட்டான் அருள். இரு மாமா என்றாள், அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.