நாலாவது கிராஸின் கதவுகள்

நீலசந்திராவின் நாலாவது கிராஸ் தெருவில் இருந்த முப்பத்தொரு வீடுகளுக்கும் ஒரு புதன்கிழமை காலை கதவு இல்லாமல் போனது. யாரும் திருடவில்லை. நிலையும் தாழ்ப்பாளும் இருந்த இடம் சுவராகி, அந்தந்த வீட்டின் பழைய பெயின்ட் நிறத்திலேயே இருந்தது. பக்கத்து கிராஸ்களில் கதவுகள் வழக்கம்போலத் திறந்து மூடின. பால்காரர் பாக்கெட்டுகளை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நீட்டிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு ஒரு வெல்டரைப் பிடித்து வந்து கம்பிகளை அறுக்கத் தொடங்கினார்கள்.

காரணம் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வித்யாலட்சுமிக்குத் தன் சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேலூரிலிருந்து வந்தவள். இணையதளங்களில் வரும் வீடு, மணி, பூட்டு போன்ற ஐகான்கள் அறுநூறை ஒரே தொகுப்பாகப் பராமரித்து வந்தாள். நாலாயிரம் தளங்கள் அதை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தின. சின்ன அளவில் வீட்டு ஐகானின் கதவு அழுக்கு மாதிரித் தெரிகிறது என்று பலர் புகார் சொன்னதால், செவ்வாய்க்கிழமை அந்தக் கோட்டை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தாள். அதற்காகவே காத்திருந்த தளங்கள் அன்றிரவே எடுத்துக்கொண்டன. புதன்கிழமையே கதவைத் திரும்ப வரைந்து இன்னொரு பதிப்பு போட்டாள். ஆனால் ஒவ்வொரு தளமும் அதைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்டால்தான் உண்டு. எல்லோருக்கும் எழுதினாள். முந்நூறு தளங்கள் மாற்றியபோது எதிர்வீட்டுச் சுவரில் ஒரு கீல் மட்டும் முளைத்தது. அதோடு நின்றுவிட்டது.

ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தளத்தைப் பார்த்துக்கொண்ட அஷ்வினுக்கு அவள் போனே செய்தாள்.

"ஒரு கோடுதானே மேடம், அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்."

"இங்க ஜனங்க ஜன்னல் ஏறி இறங்கறாங்க அஷ்வின்."

"புரியுது மேடம். எங்க சைட்ல ஒரு புகார் டிக்கெட் போட்டுடுங்க."

பக்கத்து வீட்டு டொமினிக் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது. மனைவி டோரீன் வியாழக்கிழமைதோறும் அவரை ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவாள். இரண்டு வியாழன் நாலு பேர் பலகையில் வைத்து ஜன்னல் வழியாக இறக்கினார்கள். மூன்றாம் முறை, "ஏத்தி இறக்க நான் என்ன பீரோவா?" என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு வெளியே வரவே இல்லை. வித்யாலட்சுமி டோரீனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"திரும்பப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் ஆண்ட்டி. அவங்கதான் எடுத்துக்கணும்."

"அப்ப நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றாள் டோரீன். அவள் திட்டியிருந்தால் வித்யாலட்சுமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ஆபீஸ் போவதற்கு முன் தினமும் இருபது மெயில் அனுப்பினாள். சிலர் நன்றி சொன்னார்கள். யாரும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் மழையில் டொமினிக் இறந்தார். சவப்பெட்டி ஜன்னலில் நுழையவில்லை. தெருவில் இரண்டு ஸ்டூல்மேல் குடை பிடித்து வைத்தார்கள். உடலைப் போர்வையில் சுற்றி உள்ளிருந்து நீட்டினார்கள். "தலைப்பக்கம் நீ வாங்கிக்கோ வித்யா" என்றாள் டோரீன். அவள் வாங்கிக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தவரின் முகத்தில் மழை விழுந்தது. அவள் துப்பட்டாவால் துடைத்தாள், மறுபடி விழுந்தது.

மறு வருஷம் பதினெட்டாம் நம்பர் வீடு காலியானது. புரோக்கர் அப்பாதுரை, ஓசூரிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதிக்கு அதைக் காட்டினார். "கிழக்கு பார்த்த ஜன்னல் சார். ரெண்டு பேரு ஒண்ணாவே ஏறலாம்." அவர்கள் செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டு, வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே போனார்கள்.