வெடிப்பில் ஒட்டிய கண்ணாடி

வெளிச்சம் சரியாக வருமுன்பே பசைக்காரி மலைச்சரிவில் ஏறிவிட்டாள். ஒரு கையில் குழைத்த சிமெண்டு டப்பா, மறுகையில் துணியில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள். கீழே, தடுப்புச் சுவருக்காகத் தோண்டிய பள்ளத்தில் அவள் தங்கையும் இன்னும் முப்பது பேரும் அதற்குள் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரிலும் எல்லார் முதுகும் வேர்த்திருந்தது.

மண்சரிவைத் தடுக்க அரசாங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. நல்ல சட்டம்தான், குறை சொல்லக் கூடாது. சரிவில் வெடிப்பு விட்டால் இரு ஓரத்தையும் சேர்த்துக் கண்ணாடி ஒட்ட வேண்டும். மண் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அடியில் வேலை செய்கிறவர்களை உடனே வெளியேற்ற வேண்டும். முதலாளியும் அதை எழுத்துப் பிசகாமல் படித்தார். விடிவதற்குள் புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டால் எதுவுமே உடையவில்லை என்றுதானே கணக்கு! அதற்குத்தான் இவளை வைத்தார். பசைக்காரி என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

முன்பெல்லாம் பத்து நாளைக்கு ஒன்று உடையும். இந்த வாரம் தினமும் உடைந்தது. இன்று, நேற்று ஒட்டிய மூன்றும் நொறுங்கிக் கிடந்தன. வெடிப்புக்குள் விரலை விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று.

“என்ன வேடிக்கை? பத்து மணிக்கு அதிகாரி வர்றாரு. ஒட்டிட்டு இறங்கு” என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி.

“மலை நகருதுங்க.”

“மலை எங்கயாவது நகருமா? நீ சரியா ஒட்டல.”

“கீழ என் தங்கச்சி நிக்கிறா.”

“வேலையை நிறுத்தினா அவளுக்கு நீ சோறு போடுவியா?”

இத்தனை நாள் அவள் வாயைக் கட்டிப்போட்டது இந்தக் கேள்விதான். இன்று பயம் அதைவிடப் பெரிதாயிருந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, சறுக்கி விழுந்து, எழுந்து பள்ளத்தை நோக்கி ஓடினாள்.

“எல்லாரும் மேல ஏறுங்க. கண்ணாடி உடைஞ்சிருக்கு.”

தங்கை கூடையை இறக்கினாள். “எப்பக்கா உடைஞ்சது?”

“ஒரு வாரமா தினமும் உடையுது. நாந்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன்.”

தங்கை கை ஓங்கினாள். அடிக்கவில்லை. “முதல்ல ஏறுங்க” என்று மற்றவர்களைத் தள்ளினாள்.

“இன்னைக்குக் கூலி போச்சு” என்றார் கொத்தனார், ஏறிக்கொண்டே. “உசிரு இருந்தா உப்பு வித்தாவது பொழைக்கலாம், வாங்க.”

முதலாளி இறங்கி வந்தார். “போறவங்க தாராளமா போங்க. வேற ஆளு லாரியில வருது.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கள் தலை தப்பிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். வருகிறவர்களுக்கு யார் சொல்வது? அப்போது மேலிருந்து கல் இரண்டு உருண்டு வந்து வெறும் பள்ளத்தில் விழுந்தன.

கொத்தனார் லாரி வரும் சாலையின் நடுவில் போய் உட்கார்ந்தார். “எனக்கு முட்டி வலி. நின்னு மறிக்க முடியாது, உக்காந்தே மறிக்கிறேன்.” மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

லாரி வந்து ஹாரன் அடித்தது. பசைக்காரி எழுந்து போய்ப் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பள்ளத்துல இறங்காதீங்க. மலை நகருது. உடைஞ்ச கண்ணாடிய மாத்தி இவங்க கண்ணுல மண்ணத் தூவினது நான்தான்.”

டிரைவர் மலையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

“அப்ப நாங்க என்னக்கா செய்யறது?” என்று லாரி மேலிருந்து ஒருத்தி கேட்டாள்.

தங்கை வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இறங்கி எங்க பக்கத்துல உக்காருங்க. பத்து மணிக்கு அதிகாரி வர்றாரு. உடைஞ்ச கண்ணாடிய எல்லாரும் சேந்து காட்டுவோம்.”